உளுந்து மிதித்த கார்

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில், என் அக்கா மகளின் மாமியார் வீட்டு வாசலில் நான் காரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்ததாம். என் கார் போட்ட சத்தத்தில் மிக்சியின் சத்தம் காணாமல் போய்விட, கரண்ட் நின்றுவிட்டது என்று நினைத்து சம்மந்தியம்மா ஸ்விட்சைப் போய்த் தட்டிப் பார்த்திருக்கிறார். இதை அவரே பிற்பாடு பத்துப் பேருக்கு முன்னால் சொன்னார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. அடுத்த வெள்ளிக்கிழமை என் அக்கா மகளுக்கு வளைகாப்பு. அதற்கான தேங்காய், பழம், புடவை விஷயங்களைப் பேசி முடிக்கத்தான் போயிருந்தேன். சம்மந்தியம்மா ஈரக்கையோடு வெளியே வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். வலது பக்க முன்சக்கரத்தருகே குனிந்து மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா தம்பி, வண்டி இப்டி கத்திக்கினு வருது?"

"ஒண்ணுமில்ல சம்மந்தியம்மா. ரோட்டுல புதுசா ஜல்லி கொட்டிக்கீறாங்க. சின்னக் கல்லு மாட்டிக்கினு கீது."

"கல்லு வாசன வருமா? இன்னாமோ உளுந்து வறுக்கற வாசன வருதே."

"அது உங்க சமையக்கட்டுலேர்ந்து வரும்."

"எங்க வூட்ல இன்னிக்கிப் புளிக்கொழம்பு."

அதோடு விட்டாரா? நான் இன்னும் சாவியைத் திருகி அணைக்காததால், கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உள்ள மஞ்சளா ஒரு வௌக்கு எரியுதே, அது இன்னாத்துக்கு?"

"அது... வண்டி ஓடுதுன்னு காட்டற வௌக்கு."

"வண்டிதான் நிக்குதே."

சம்மந்தியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "தபாரு தம்பி. ஒம்போது மாசப் புள்ளத்தாச்சி. கம்பெனிக்காரங்க பாத்து, வண்டி நல்லா கீதுன்னு எழுதிக் குடுத்த பேப்பர் எடுத்துக்கினு வா. அப்பதான் என் மருமவ இதுல ஏறுவா. இல்லையா, வேற வண்டி பேசிக்கலாம்."

கதவுக்குப் பின்னால் என் அக்கா மகள் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். அதற்குக் காரணம் உண்டு. அவள் கல்யாணத்தன்று அவளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பியது ஒரு வாடகை வேனில். சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, மடியில் இட்லிக் குண்டானை வைத்துக்கொண்டு போனாள். வேன் கிளம்புமுன் ஜன்னலில் எட்டி, "அடுத்த தபா உன்ன மாமன் சொந்தக் கார்ல கூட்டிக்கினு வரேன், இது சத்தியம்" என்று அவள் காதோரம் சொன்னேன். கையில் பிடித்திருந்த மைக் ஆன் ஆகி இருந்தது எனக்குத் தெரியாது. மண்டபமே கைதட்டியது. அடுத்த வருஷம் பழைய கார் ஒன்றை வாங்கியதற்குப் பாதிக் காரணம் அந்த மைக்தான்.

இப்போது வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள்; அக்கா வீடும் எங்கள் தெருவில்தான். தாய்மாமன் நான். ஆறு நாள் இருந்தது.

*

சத்தம் எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பாதிப் பொய். வேண்டாம், முக்கால் பொய் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மானாம்பதிப் பக்கம் நெல் அறுவடை முடிந்த ஈரத்தில் உளுந்து போடுவார்கள். காய்ந்ததும் செடியோடு பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ், டிராக்டர், லாரி எல்லாம் ஏறி இறங்க, காய் வெடித்து உளுந்து உதிரும். பிறகு செடியைத் தள்ளிவிட்டுத் தூற்றி எடுத்துக்கொள்வார்கள். மெயின் ரோட்டில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. எங்கள் தெருவுக்குள் பஸ்ஸும் வராது, லாரியும் வராது. டிராக்டருக்குச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அப்படி இருந்த தெருவுக்குத்தான் என் கார் வந்து சேர்ந்தது.

ஆரம்பித்து வைத்தது எதிர் வீட்டுத் தங்கச்சி. தங்கச்சி என்றால் உடன்பிறந்தவள் இல்லை. அவள் என்னை அண்ணே என்பாள், நான் அவளுக்கு மறுப்புச் சொல்லத் தெரியாதவன், அவ்வளவுதான் உறவு.

"அண்ணே, எப்டியும் வூட்டாண்ட வரைக்கும் வண்டில தானே வரப் போற. அப்டியே இதும் மேல நாலு தபா போய் வந்துடேன்."

காரை வாங்கியவனிடம் யாராவது வந்து காரைக் கேட்டால் அவன் நெஞ்சு எத்தனை அங்குலம் விரியும் என்பது கார் இல்லாதவர்களுக்குத் தெரியாது. நாலு தபா நாற்பது தபா ஆனது. முன்னால் போனேன். ஒரு கையைப் பக்கத்து சீட்டின் மேல் போட்டுக்கொண்டு, தலையைத் திருப்பி, ரிவர்ஸிலும் வந்தேன். ரிவர்ஸ் தேவையே இல்லை. ஆனால் பார்க்க நன்றாக இருக்கும் அல்லவா? மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள், "இன்னும் கொஞ்சம் ஓரமா ஏத்து, அங்க காயி நெறைய கீது" என்று கை காட்ட, விமானம் இறக்குகிறவனைப் போல இறக்கினேன்.

மறுநாள் அடுத்த வீட்டு உளுந்து. அதற்கடுத்த நாள் கோடி வீட்டு உளுந்து. நாஷ்டா கூடச் சாப்பிடாமல் மிதித்தேன். நடுவில் ஒரு கிழவர், "டிராக்டர் மிதிச்சா பருப்பு ஒடையுது, மாமன் கார் மிதிச்சா முத்து முத்தா கொட்டுது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அந்த வார்த்தைக்கு நான் காரை ஏரிக்குள் விடச் சொன்னாலும் விட்டிருப்பேன். போதாக்குறைக்கு, செடி எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும், எந்த கியரில் ஏற்ற வேண்டும் என்று ஆலோசனை வேறு வழங்க ஆரம்பித்தேன். நான் பிறந்ததிலிருந்து ஒரு செடி உளுந்து பிடுங்கியதில்லை.

மூன்றாம் நாள் கிர்ர் என்று ஒரு சத்தம் தொடங்கியது. நான் செய்த முதல் வைத்தியம், பாட்டை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்தது. உடனே குணம் தெரிந்தது. நாலாம் நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதற்குப் பாட்டு வைத்துப் பயனில்லை.

*

ஓரிக்கையிலிருந்து திரும்பிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, நானே சரிசெய்துவிடுவது என்று இறங்கினேன். செல்போனில் ஒரு வீடியோவில், பாட்டரி வயரைக் கழற்றிப் பத்து நிமிஷம் கழித்து மாட்டினால் எல்லா விளக்கும் அணைந்துவிடும் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கழற்றினேன், மாட்டினேன். விளக்கு அணைந்தது. சம்சாரத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வந்து பார்ப்பதற்குள் திரும்ப எரிந்தது. கூடவே காரின் கடிகாரம் பன்னிரண்டுக்குப் போய்விட்டது. அதைத் திருத்தும் பொத்தான் எங்கே என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

சரி, அடியில் பார்ப்போம் என்று தரையில் படுத்துத் தலையை உள்ளே விட்டேன். தலை போனது, தோள் போனது, தொப்பை போகவில்லை. வெளியே வரலாம் என்றால் அதுவும் முடியவில்லை. சம்சாரம் காலைப் பிடித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே, "நாளைக்குக் கம்பெனிக்குப் போ. போனா நடந்தத அப்டியே சொல்லு" என்றாள். காலைப் பிடித்தவளிடம் எதிர்த்துப் பேச முடியுமா? சரி என்றேன்.

அன்று சாயங்காலம் உத்திரமேரூரில் எனக்குத் தெரிந்த பைக் மெக்கானிக் ஒருவரிடமும் காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாத்த, பைக்குன்னா படுக்க வெச்சிப் பாப்பேன். இத்த எப்டிப் படுக்க வெக்கறது? கம்பெனிக்கே வுட்டுடு" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்கு வந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

என் பிழைப்பைச் சொல்லவில்லையே. உத்திரமேரூர் தாலுக்கா ஆபீஸ் எதிரே மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், எதுவானாலும் ஒரு பக்கத்தில் முடித்துக் கொடுப்பேன். வருகிறவர்களிடம் நான் தினமும் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "எதையும் மறைக்காம சொல்லு. அப்பதான் மனு நிக்கும்."

அப்படிப்பட்டவன் திங்கட்கிழமை காலையில் காஞ்சிபுரத்திலிருக்கும் கம்பெனி சர்வீஸுக்குப் போனபோது வெறுங்கையோடு போவேனா? என் காருக்காக நானே ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன்.

"பொருள்: வாகனத்தின் முன்புற வலது சக்கரத்தில் இனம் தெரியாத ஓசை எழுவது மற்றும் மஞ்சள் நிற விளக்கு எரிவது தொடர்பாக. ஐயா, மேற்படி வாகனம் நாளது தேதி வரை தார்ச் சாலையில் மட்டுமே இயக்கப்பட்டு வந்துள்ளது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

ஒரு வரி பொய் கிடையாது. தார்ச் சாலைதான். அதன் மேல் என்ன கிடந்தது என்று மட்டும் எழுதவில்லை.

அங்கே சர்வீஸ் அட்வைசராக இருந்தது ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். மனுவை முழுதாகப் படித்தார். கடைசியில் நான் போட்டிருந்த "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள" வரை படித்தார்.

"சார், வண்டிய விட வர்றவங்க யாரும் எங்களுக்கு இப்படி எழுதிக் குடுத்ததில்ல. நல்லா இருக்கு. ஆனா எனக்கு வேணுங்கறது இதுல இல்லையே."

"இன்னா வேணும் மேடம்?"

"சத்தம் நேரா போறப்ப வருதா, திரும்பறப்ப வருதா? பிரேக் அழுத்தினா நிக்குதா? எப்போலேர்ந்து வருது? அதுக்கு முந்தி வழக்கமில்லாம ஏதாவது பண்ணீங்களா?"

முதல் மூன்றுக்கும் பதில் சொன்னேன். நாலாவதற்கு, "இல்லையே" என்றேன்.

"பள்ளத்துல எறக்கினீங்களா? தண்ணில ஓட்டினீங்களா?"

"சேச்சே."

"வயல்ல?"

"நான் வயல்ல கால வெச்சே பல வருஷம் ஆவுது மேடம்." இது சத்தியமான உண்மை. சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை.

என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அவரே காரை ஓட்டிப் பார்த்தார். இரண்டு தெரு தாண்டியதும், "ஏன் சார், எனக்கு இப்ப திடீர்னு பசிக்குது?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகி, கையிலிருந்த கருவியைப் பார்த்தார். முன்பக்க வலது சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்லும் சென்சார் பேச மாட்டேன் என்கிறதாம். உடனே அதை மாற்றிவிடலாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை.

"சென்சார் மட்டும் போயிருந்தா விளக்கு எரியும், சத்தம் வராது. பேரிங் மட்டும் போயிருந்தா சத்தம் வரும், கருகற வாசனை வராது. மூணும் சேர்ந்து வருதுன்னா, நடுவுல ஏதோ ஒண்ணு உக்காந்துகிட்டு மூணையும் பண்ணுது. தூக்கிப் பாத்துடலாம்."

அந்த உட்கார்ந்திருக்கும் ஒண்ணு யார் என்று அந்த வளாகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாடிக்கையாளர்கள் உட்காரும் ஏசி அறையில் பெரிய கண்ணாடி இருந்தது. அதன் வழியாக வேலை நடப்பதைப் பார்க்கலாம். என் கார் மெல்ல மேலே போனது. அடியில் நரைத்த தாடிக்காரர் ஒருவர், அங்குள்ள மூத்த டெக்னீஷியன், டார்ச் அடித்தபடி நுழைந்தார். சக்கரத்தின் பின்னால் கையை விட்டார். எதையோ பிடித்து இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. ஜடை பிரிகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. பக்கத்து வண்டிகளில் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். நான் நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்பதை எதிரில் இருந்தவர்தான் சொன்னார்.

மைக்கில் என் கார் நம்பரைச் சொல்லி உள்ளே வரச் சொன்னார்கள். மைக்குக்கும் எனக்கும் ஜென்மப் பகை.

தரையில் ஒரு கோழி அடை காக்கும் அளவுக்குக் குவியல் கிடந்தது. காரின் அடியிலிருந்து டிக், டிக் என்று கறுப்பு மணிகள் உதிர்ந்துகொண்டிருந்தன.

"சார், இன்னா சார் இது?" என்றார் தாடிக்காரர்.

"ரோட்டோரப் புல்லா இருக்கும்."

அவர் குவியலிலிருந்து ஒரு காயை எடுத்து நகத்தால் பிளந்தார். ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தார். கண்ணை மூடி மென்றார்.

"நாட்டு வெதையா சார், வெவசாய ஆபீஸ்ல குடுத்த வெதையா?"

"ஆபீஸ் வெத" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அட்வைசர் கையிலிருந்த கருவியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். சுற்றி நின்றவர்கள் வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார்கள். தாடிக்காரர் மட்டும் சிரிக்காமல், "நான் சாலவாக்கம் சார். எங்களுது அஞ்சு தலைமொறையா உளுந்து. என்னாண்டயே புல்லுன்றியே" என்றார்.

நானும் அசடு வழியச் சிரித்தேன். அப்போதுதான் அவர் டார்ச்சைச் சைலன்சர் பக்கம் அடித்துக் காட்டினார். அங்கே ஒரு பிடி செடி கன்னங்கரேலென்று கரிந்து ஒட்டியிருந்தது. தொட்டால் பொடியானது.

"இது மேல இன்னும் ரெண்டு நாளு மிதிச்சிருந்தியானா பத்திக்கினு இருக்கும் சார். ஓடிக்கினு இருக்கும்போதே."

என் சிரிப்பு நின்றுவிட்டது. பின்சீட்டில் வளையல் அடுக்கிய கையோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பது கண் முன்னால் வந்தது. வழியில், பாலாற்றுப் பாலத்தின் மேல் புகை வருகிறது. ஒன்பது மாத வயிற்றோடு அவள் எப்படி இறங்குவாள்?

அட்வைசர் குரலை உயர்த்தவே இல்லை. "எதையும் மறைக்காம சொல்லுங்க சார். அப்பதான் எங்க பாக்கணும்னு எங்களுக்குத் தெரியும்."

என் கடை வசனத்தை என்னிடமே சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். எத்தனை நாள், எத்தனை வீட்டு உளுந்து, எத்தனை சுற்று. வளைகாப்பையும் சொன்னேன், சம்மந்தியம்மா கேட்ட பேப்பரையும் சொன்னேன்.

"ரிவர்ஸ்லயும் போனேன்" என்று கடைசியாக முனகினேன்.

"ரிவர்ஸ்லயுமா? எதுக்கு சார்?"

"சும்மா... பாக்க நல்லா இருக்கும்னு."

அவர் சிரிக்கவில்லை. தாடிக்காரரைப் பார்த்தார். "அண்ணா, அப்ப இடது பக்கமும் கழட்டிடுங்க. ரெண்டு பக்கமா சுத்தியிருக்கும்."

இடது பக்கத்தில் சத்தமே கிடையாது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதை யாரும் கழற்றியிருக்கப் போவதில்லை. கழற்றினார்கள். அங்கேயும் உளுந்தஞ்செடி கயிறாகத் திரிந்து, பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயைச் சுற்றி இறுக்கி, மேல்தோலை அறுத்திருந்தது. உள்ளே நூல் தெரிந்தது. தாடிக்காரர் அதை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கத்தின சக்கரம் அப்பாவி. கமுக்கமாக இருந்த சக்கரம்தான் என்னை ஒருநாள் பிரேக் இல்லாமல் விட்டிருக்கும்.

ரேடியேட்டர் முகமெல்லாம் உளுந்துத் தோலும் தூசுமாக அப்பியிருந்தது. ஏசி பில்டரைத் தட்டியபோது கால்படி தூசி கொட்டியது. அதுவரை ஏசியில் காற்று வராததற்கு நான் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். குழாயும் சென்சார் வயரும் வியாழக்கிழமை மதியம்தான் வரும் என்றார்கள். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. மூன்று ராத்திரியும் எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் இருப்பவர்களும் தூங்காதபடி பார்த்துக்கொண்டேன்.

*

வியாழக்கிழமை சாயங்காலம் கார் தயார். அட்வைசர் என்னை உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். சத்தமில்லை, விளக்கில்லை, அவருக்குப் பசியும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு பேப்பர் விஷயத்துக்கு வந்தோம். சம்மந்தியம்மாவுக்காகத் தமிழில் எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்.

"மேடம், 'அயற்பொருள் சிக்கியதால்'னு போட்டுக்கலாமா?" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"என்ன அயற்பொருள்னு கேப்பாங்களே."

"அப்ப, 'வேளாண்மை சார்ந்த பயன்பாட்டின் காரணமாக'?"

"சார், நாளைக்கு வேற ஒருத்தர் இந்த வண்டிய தூக்கிப் பாக்கறப்ப இதைத்தான் படிப்பாங்க. நீங்க அழகா எழுதினா அவங்க எங்க தேடுவாங்க?"

இருபது வருஷமாக மனு எழுதும் நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். அவர் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது தாடிக்காரர் ஓடிவந்து ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். காரிலிருந்து பொறுக்கியதைச் சுத்தம் செய்து வைத்திருந்தார்.

"ஒரு ஈடு இட்லிக்கு ஆவும் சார்."

வெள்ளிக்கிழமை ஓரிக்கை வீட்டில் கூட்டம். சந்தனம், வளையல், அஞ்சு வகைச் சோறு. என் அக்கா மகள் கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை பச்சையும் சிவப்புமாக இருந்தது. அவள் கண் மட்டும் என் சட்டைப் பையையே பார்த்தது. சாப்பாடு ஆனதும் சம்மந்தியம்மா என் முன்னால் வந்து கையை நீட்டினார். பேப்பரை எடுத்து மடிப்பைப் பிரிக்காமல் கொடுத்தேன், மூலையில் போய்ப் படிப்பார் என்று. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று, ஸ்கூலில் வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல உரக்கப் படித்தார்.

"வாகனத்தை... உளுந்தஞ்செடியின் மீது... பலமுறை... முன்னும் பின்னும்... ஓட்டியதால்..."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"...செடி சுற்றிச் சென்சார் வயரும் பிரேக் குழாயும் சேதம். இரண்டும் மாற்றப்பட்டன. வாகனம் இப்போது நல்ல நிலையில் உள்ளது. இனி உளுந்து, கொள்ளு, எள், கேழ்வரகு எதன் மீதும் ஓட்டக் கூடாது."

சம்மந்தியம்மா கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? உளுந்து வாசன வருதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க" என்றேன்.

"நீ இன்னா சொன்ன?"

"கல்லுன்னு சொன்னேன்."

"கம்பெனில மிஷின் வெச்சி கண்டுபுடிச்சத நான் மூக்க வெச்சி கண்டுபுடிச்சேன்" என்று அவர் அறிவிக்க, கூடமே வெடித்துச் சிரித்தது. மிக்சி கதையும் அப்போதுதான் வெளியே வந்தது. ஆதாரத்துக்கு நான் அந்த உளுந்துக் கவரையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு மணியை விரலில் உருட்டிப் பார்த்து, "நல்ல உளுந்து" என்று சான்று கொடுத்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். "கெளம்புங்க. நானும் வரேன். முன்னாடி நான்தான் குந்துவேன்."

என் அக்கா மகள் பின்சீட்டில் ஏறினாள், பக்கத்தில் என் அக்கா. மடியில் குண்டான் இல்லை. "மாமா, மைக் எங்க?" என்றாள் பின்னாலிருந்து. கண்ணாடியில் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாலாற்றுப் பாலத்தின் மேல் சம்மந்தியம்மா ஜன்னலை இறக்கி மூக்கை நீட்டினார். வேகத்தடைக்கு வேகத்தடை, "நிறுத்து, கேக்கலாம்" என்றார். நிறுத்தினேன், கேட்டோம். ஒன்றும் இல்லை. இப்படியே நின்று நின்று, டவுன் பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பி டவுன் பஸ்ஸுக்கும் பின்னால் மானாம்பதி வந்து சேர்ந்தோம்.

எங்கள் தெருவில் திரும்பினேன். பிரேக்கை அழுத்தினேன். புதுக் குழாய், கார் அப்படியே நின்றது.

தெரு நெடுகக் கொள்ளு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், சந்து விடாமல் பரப்பியிருந்தார்கள். இரண்டு பக்கமும் சனம் வரிசையாக நின்றது. எதிர் வீட்டுத் தங்கச்சி ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தாள்.

"வா அண்ணே! கார் கம்பெனிக்குப் போயி புதுசாயி வந்துக்கீதாமே. வளகாப்பு வண்டி மிதிச்சா நல்லதுன்னு அல்லார் வூட்டுக் கொள்ளும் ஒண்ணா போட்டு வெச்சிக்கீறோம்."

நான் சம்மந்தியம்மாவைப் பார்த்தேன். அவர் கதவைத் திறந்து இறங்கினார். கண்ணாடியை மாட்டினார். பேப்பரைப் பிரித்தார். எங்கள் தெருவுக்கும் ஒரு வரி விடாமல் படித்தார். 'கொள்ளு' என்ற இடத்தில் நிறுத்தி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

தெருவே என்னைத் திட்டும் என்று நினைத்தேன். ஆனால், வண்டி பத்தப் போனதையும் நானே சொன்னதும் தங்கச்சி தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "அய்யய்யோ, இத்த ஏன் அண்ணே எங்ககிட்ட சொல்லல? வண்டி கத்துச்சுன்னா வாணான்னு சொல்லியிருக்க மாட்டமா?" என்றாள். துடைப்பமும் பலகையுமாக எல்லாரும் இறங்கினார்கள். ஐந்தே நிமிஷத்தில் நடுவில் ஒரு கார் அகலத்துக்கு வழி வந்தது. இரண்டு பக்கமும் கொள்ளு கரை கட்டி நிற்க, ஒரு செடி சக்கரத்தில் படாமல், என் அக்கா மகளை அவள் தாய்வீட்டு வாசலில் இறக்கினேன். ஆரத்தி சுற்றினார்கள். அவள் உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"இப்ப இந்தக் கொள்ளுக்கு இன்னா வழி?" என்று தங்கச்சி இழுத்தாள். "டிராக்டர் நாளன்னிக்கிதான் வரும்."

சம்மந்தியம்மா பேப்பரை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பட்டுக்கரை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக நின்ற என்னை, மேலிருந்து தொப்பை வரைக்கும் நிதானமாக எடைபோட்டார்.

"வண்டி ஏறக் கூடாதுன்னுதான் தம்பி எழுதிக்கீறாங்க. நீ ஏறலாமே."

தெரு கைதட்டியது. வேட்டியை மடித்துக் கட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொள்ளின் மேல் ஏறினேன். கால் குத்தியது. ஒரு கோடி வரை மிதித்துக்கொண்டே போனேன். மூச்சு கிர்ர் என்று சத்தம் போட்டது. சம்மந்தியம்மா அதையும் காது கொடுத்துக் கேட்டார்.

திரும்பலாம் என்று நின்றபோது வாசற்படியிலிருந்து வளையல் சத்தத்தோடு ஒரு குரல் வந்தது.

"மாமா, ரிவர்ஸ்ல வா!"

பின்னால் தலையைத் திருப்பி, ஒரு கையைப் பக்கத்தில் இல்லாத சீட்டின் மேல் போட்டுக்கொண்டு, வந்தேன்.